பேர் போட்ட கேள்வி

உட்காருங்க தாயி. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. போட்டோவுக்கு வெளிச்சம் பத்தாதுன்னு சொன்னீங்கல்ல, இந்தா, ஜன்னலைப் பாத்துத் திரும்பி உட்கார்ந்துட்டேன். இப்ப மூஞ்சி நல்லாத் தெரியுதா? வழக்கமா நான் இப்படி உட்கார மாட்டேன். அங்கிட்டு, உள் ரூமைப் பாத்துத்தான் உட்காருவேன். கொஞ்ச நாளா அப்படி. அது வீட்டு விஷயம், உங்க பத்திரிகைக்கு அது வேண்டாம்.

முதல்ல பேரை எழுதிக்கோங்க. தனுஷ்கோடி. அரசு பஸ்ஸுல கண்டக்டர், இப்ப ரிட்டயர்டு. ஏழுமுழத் தொண்டைன்னு டெப்போவுல பேரு. நான் பின்படியில நின்னு ‘ஹோல்டான்’னு ஒரு சத்தம் குடுத்தா டிரைவர் கால் தானா பிரேக்குக்குப் போயிரும். அப்படிப்பட்ட ஆளை வாயை மூடுன்னு சொன்னானுக. யாரை? என்னை!

ஏ வேலம்மா, ரெண்டு டீ! சீனி குறைச்சு!

என் சம்சாரம். இல்லல்ல, அவகிட்ட நீங்க தனியா ஒண்ணும் கேக்க வேண்டாம். அவ பேச மாட்டா. பேசத் தெரியாதுன்னு இல்ல, பழக்கமில்ல. அவ என்ன சொல்லுவாளோ அதையும் சேத்து நானே சொல்லிடுறேன், எழுதிக்கோங்க. உங்க ஆபீசுக்கு யாரோ ஒரு அம்மா போன் பண்ணி, எங்க தெருப் பலகையைப் பத்தி வந்து எழுதுங்கன்னு சொன்னாங்கன்னீங்கல்ல? யாரா இருக்கும்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், பிடிபடல. நம்மளை மதிக்கிற பொம்பளைங்க இந்த ஊர்ல நிறையப் பேரு இருக்காங்க.

பலகை விஷயத்துக்கு வாறேன். தெருமுனையில, பால்ச்சாமி டீக்கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல நிக்குதே, அதுதான். முன்னெல்லாம் அதுல கட்சிக்காரங்க கூட்டம் நடக்கிற சேதி எழுதுவாங்க. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்துச்சு, பலகையை விட்டுட்டாங்க. சும்மா கிடந்ததை நான் தூக்கி நிறுத்தினேன். காலையில ஒரு கேள்வி எழுதுவேன். ஒரே ஒரு கேள்வி. தண்ணி ஏன் வரல, நகராட்சி பதில் சொல்லுமா? ஆஸ்பத்திரியில நாய்க்கடி ஊசி ஏன் இல்ல, டாக்டர் பதில் சொல்வாரா? கடைசியில எப்பவும் ‘பதில் சொல்வாரா’ இருக்கும், அதுக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டிருப்பேன். ஏன்னா அவன் வந்து பதில் எழுதணும்ல? எவனும் எழுதினதில்ல. அதுக்கும் கீழ ‘இப்படிக்கு தனுஷ்கோடி’. பேர் போடாம நான் ஒரு நாளும் எழுதினதில்ல தாயி. பேர் போடாத கேள்வி கோழைக் கேள்வி. இதைக் கொட்டை எழுத்துல போடுங்க.

பலகைக்குக் கருப்பு பூசறது மட்டும் வேலம்மா. அடுப்புக்கரியையும் ஊமத்தந்தழையையும் போட்டு அரைச்சு, கையாலயே தேய்ச்சு விடுவா. நல்லாப் பிடிக்கும். பெயின்ட் எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. ரெண்டு நாளைக்குக் கை கருப்பாவே இருக்கும், சோறு போட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஆனா அது ஒரு வேலையா? எழுதறதுல இருக்கு விஷயம்.

போன சித்திரையில எழுதினேன் பாருங்க, அந்தக் கேள்விதான் வினை. ‘கம்மாய்க்குள்ள கல்யாண மண்டபம் கட்ட அனுமதி குடுத்தது யாரு? தாசில்தார் பதில் சொல்வாரா?’ இவ்வளவுதான். யாரு மண்டபம்னு கூட எழுதல. எழுதவே வேண்டாம், ஊருக்கே தெரியும். மூணு அடுக்கு. கம்மாயில தண்ணி நின்ன இடத்துல கார் நிக்குது.

டீக்கடையில ஆளுங்க கூடி நின்னு வாசிச்சாங்க. பஸ்ஸுல போறவன் தலையை நீட்டி வாசிச்சான். அன்னைக்கு மத்தியானமே ஜீப்பு வந்துருச்சு. ஒரு போலீஸ்காரன் பலகையைத் தரையில சாய்ச்சு, அது மேல பூட்ஸ் காலோட ஏறி நின்னு சட்டத்தை உடைச்சான். என் எழுத்து மேல ஏறி நின்னான் தாயி! எச்சியைத் துப்பி அழிச்சிருந்தா கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனானுக. கைது இல்லையாம், சும்மா விசாரணையாம். ஒரு ரூமுக்குள்ள உட்கார வச்சான். போனைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள்ள போட்டான். யாருகிட்டயும் பேசக்கூடாதுன்னான். வெளிய போறேன்னேன், போகக்கூடாதுன்னான். கதவைப் பூட்டல. பூட்டவே இல்ல. வெளிப்பக்கம் ஒரு ஆளு நின்னான், அவ்வளவுதான். நான் கேட்டேன், எந்தச் சட்டத்துலய்யா என்னை உட்கார வச்சிருக்கே? அதுக்கு அந்த இன்ஸ்பெக்டர் சொன்னான், ‘பெரியவரே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்’.

நல்லதுக்கு! என் நல்லது என்னன்னு இவன் முடிவு பண்றானாம்! வயசு வந்த ஒரு ஆளை ஒரு ரூமுக்குள்ள அடைச்சு, போனைப் பிடுங்கிக்கிட்டு, உன் நல்லதுக்குன்னு சொல்றவனை விட அயோக்கியன் உலகத்துல உண்டா? சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், எழுதுங்க.

சாயங்காலம் விட்டான். இனிமே எழுத மாட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னான். போட மாட்டேன்னேன். வீட்டுக்கு வந்ததும் அரசியலமைப்புச் சட்டம் தமிழ்ல ஒரு புத்தகம் வாங்கினேன். மூணாவது பாகம் இருக்கு பாருங்க, அடிப்படை உரிமைகள், அதைப் படிச்சுப் படிச்சு அந்தப் பக்கமே கழண்டு போச்சு. பத்தொன்பது ஒண்ணு ஏ, பேச்சுரிமை, கருத்துரிமை. அதே பத்தொன்பதுல டி, நாட்டுல எங்க வேணும்னாலும் போகலாம் வரலாம். இருபத்தொண்ணு, உயிரும் உடல் சுதந்திரமும். சட்டத்துல வழி சொல்லாம ஒருத்தனைப் பிடிச்சு வைக்க முடியாது. எவனா இருந்தாலும் சரி. எனக்கு அதை வாசிச்சப்ப அழுகை வந்துருச்சு தாயி. இவ்வளவு நாளும் இதெல்லாம் நம்மகிட்ட இருந்திருக்கு, நாம பாட்டுக்கு டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கோமேன்னு.

மதுரை ஹைகோர்ட்டுல கேஸ் போட்டேன். வக்கீல் தம்பி நல்ல பையன், அப்பப்ப நான்தான் அவனுக்குப் பாயின்ட் எடுத்துக் குடுப்பேன். அவன் ‘சார், கொஞ்சம் என்னைப் பேச விடுங்க’ம்பான். ஜட்ஜ் ஐயா என்ன கேட்டாரு தெரியுமா? ‘பலகையில ஒருத்தர் கேள்வி எழுதினா அரசாங்கம் ஏன் பதறுது? பதில் இருந்தா எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?’ கோர்ட்டே சிரிச்சுது. பலகைக்குப் புது மரச்சட்டம் அடிச்சு, எடுத்த இடத்துலயே திருப்பி வைக்கணும்னு ஆர்டர். அதே போலீஸ்காரன் தூக்கிட்டு வந்து நட்டான். பால்ச்சாமி வேட்டு போட்டான். நான் தெருவுல நின்னு அழுதேன், அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல.

பலகைக்கு மேல ஒரு தகரம் அடிச்சிருக்கேன், வரும்போது பாத்தீங்களா? சிவப்புப் பெயின்ட்டுல, ‘பேர் போட்டு எழுதும் கேள்வியை யாரும் அழிக்கக் கூடாது. உயர்நீதிமன்ற உத்தரவு.’ கோர்ட்டு அந்த வார்த்தையை அப்படியே சொல்லல. பேர் போடணும்கிறது நான் சேத்தது. ஆனா அர்த்தம் அதுதான்.

டீ இன்னும் வரல. ஏ வேலம்மா! அடுப்பைப் பத்த வச்சாளா என்னன்னே தெரியல.

என்ன கேட்டீங்க? ஏன் பேர் போடணும்னு சேத்தேனா? அது... அது ஒரு சின்ன விஷயம். எழுதாதீங்க. எழுத மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்.

என் மக. மணிமொழி. பேரு நான் வச்சதுதான். இருபத்திநாலு வயசு, ரத்தம் டெஸ்ட் எடுக்கிற லேப்ல வேலை. என் கூட டெப்போவுல வேலை பாத்த ஒருத்தரு, அவரு பையனுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல குடும்பம். கேஸ் ஜெயிச்சுப் பலகை திரும்பி வந்த நேரம், சரி, வீட்டுலயும் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும்னு இருந்தேன். இவ காபித் தட்டோட வந்தா. வந்தவ தட்டை வச்சிட்டு, எல்லாரையும் பாத்து, ‘எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமில்ல. எனக்கு மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு, நான் போறேன்’ங்கிறா. சபையில! வந்தவங்க மூஞ்சிக்கு நேரா!

கருத்து இருக்கலாம் தாயி. யாருக்குத்தான் கருத்து இல்ல? ஆனா எங்க சொல்றோம், யாரு முன்னாடி சொல்றோம்னு ஒண்ணு இருக்குல்ல? புத்தகத்துலயே இருக்கு. பத்தொன்பது ரெண்டு. நியாயமான கட்டுப்பாடு. கண்ணியம், ஒழுக்கம், எல்லாம் வருது. அதை அன்னைக்கு ராத்திரியே அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். ‘அது அரசாங்கத்துக்குப்பா, உங்களுக்கு இல்ல’ங்கிறா. என் புத்தகத்தை வச்சு எனக்கே பாடம் எடுக்கறா! அதுவும் ஒண்ணு ஏ-யை நான் கோர்ட்டு வாசல்ல கஷ்டப்பட்டு ஜெயிச்சுட்டு வந்து நிக்கிற நேரத்துல.

போனை வாங்கி பீரோவுல வச்சேன். ஆமா, வச்சேன். கொஞ்சம் மனசு ஆறட்டும்னு. மறுநாள் காலையில எழுதப் போறேன், பலகையில ஏற்கெனவே எழுதியிருக்கு. அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா? நான்தானே சிலேட்டுல கையைப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்தேன். ‘மணிமொழியின் போன் யாருடைய பீரோவில் இருக்கிறது? தனுஷ்கோடி பதில் சொல்வாரா?’

எப்படி இருக்கும் எனக்கு? என் பலகையில! பால்ச்சாமி கடையில பாய்லர் கூடப் பத்த வைக்கல, நல்லவேளை. துண்டை நனைச்சு ஓடிப்போய் அழிச்சேன். அதுல பேர் இல்ல. கீழ ‘இப்படிக்கு’ இல்ல. அதனால அழிச்சேன். அதுக்குத்தான் தகரத்துல அப்படி எழுதினேன், போதுமா?

அன்னையில இருந்து அவ ரூமுக்குள்ள இருக்கா. பூட்டு கீட்டு எல்லாம் இல்ல தாயி, நீங்க மூஞ்சியை அப்படி வைக்காதீங்க. வெறும் கொண்டி. வெளிப்பக்கம் ஒரு கொண்டி, அவ்வளவுதான். சாப்பாடு போகுது, குளிக்கப் போறா வாறா, வேலம்மா கூடவே இருக்கா. நான் இங்க உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன். லேபுக்கு நானே போன் பண்ணி லீவு சொல்லிட்டேன். இதெல்லாம் அவ நல்லதுக்குத்தான்.

என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. இன்ஸ்பெக்டரா? அந்த இன்ஸ்பெக்டரும் நானும் ஒண்ணா? அவன் அரசாங்கம்! நான் தகப்பன்! படிச்ச பிள்ளை, இந்த வித்தியாசம் தெரியலையா? ஒரு வீட்டுக்குள்ள ஜட்ஜ் வர முடியுமா? ஸ்டேஷன்ல அவன் என்னை அடைச்சது அதிகாரம். இது பாசம். அவ ஆஸ்பத்திரி வேலையில சேர வேண்டிய நாள் இன்னைக்குத்தான், அது முடியட்டும், அப்புறம் கொண்டி எதுக்கு? எடுத்துருவேன். நாளைக்கே எடுத்துருவேன்.

நீங்க வந்தது பலகையைப் பத்தி. பலகையைப் பத்திக் கேளுங்க.

என்ன அங்க சத்தம்? தெருமுனையில ஏதோ கூட்டம் மாதிரி இருக்கே. பஸ்ஸு வந்து நிக்குது, ஏன் கிளம்பாம நிக்குது? வேலம்மா! என்னன்னு பாரு! வேலம்மா!

இருங்க, நானே பாக்குறேன்.

தாயி, அடுப்புல பாத்திரமே வைக்கல. கொல்லைக் கதவு திறந்து கிடக்கு.

கொண்டி... கொண்டியை எடுத்திருக்கு. உள்ள யாரும் இல்ல. பீரோவும் திறந்திருக்கு. என்னைத் திரும்பி உட்காரச் சொன்னது யாரு? நீங்கதானே? வெளிச்சம் பத்தலன்னு சொன்னது யாரு? உங்களுக்குப் போன் பண்ணின பொம்பளை யாரு தாயி? பேரைச் சொல்லுங்க. சொல்ல மாட்டீங்களா? சரி, வாங்க, வாங்க என் கூட. வழி விடுங்கய்யா! தள்ளுங்கய்யா!

ஏ மணி! இறங்கு! பையை எடுத்துக்கிட்டு எங்க ஏறுற? இறங்குன்னா இறங்கு! கண்டக்டர் தம்பி, நான் தனுஷ்கோடி, உங்க டெப்போதான்யா, வண்டியை எடுக்காதே! ஹோல்டான்! ஹோல்டான்! ஹோல்...

போயிருச்சு. என் சத்தம் கேட்டும் போறான். விசிலை ஊதிட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே போறான். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கா. திரும்பிக் கூடப் பாக்கல.

என்னய்யா எல்லாரும் பலகையைப் பாக்குறீங்க? நகருங்க. நகருய்யா பால்ச்சாமி. என்ன எழுதியிருக்கு?

‘பெற்ற மகளை அறையில் அடைத்தது எந்தச் சட்டத்தில்? தனுஷ்கோடி பதில் சொல்வாரா? இப்படிக்கு வேலம்மாள்.’

வேலம்மா. நீயா? நீ எழுதினியா? கையைக் காட்டு. பூரா சாக்பீஸ் மாவு. எத்தனை நாளா உனக்கு எழுத வருது? எட்டாவது வரைக்கும் படிச்சியா? என்கிட்ட சொல்லவே இல்லையே நீ. கேக்கலையா? நான் கேக்கலையா?

துண்டை நனைச்சுக் குடுங்கய்யா யாராவது. தண்ணி குடுய்யா பால்ச்சாமி! கையை விடுய்யா. கையை விடுன்னு சொல்றேன்ல? என்னது, மேல தகரத்துல என்ன போட்டிருக்குன்னு வாசிக்கவா? அதை எழுதினவனே நான்தான்யா! எனக்கே வாசிச்சுக் காட்டறியா? பேர் போட்டிருக்குன்னா? அவ பேர் போட்டா அது பேரா? என் சம்சாரம்யா அவ! இது வீட்டு விஷயம், பலகையில எழுதக் கூடாது. அவதூறு. பத்தொன்பது ரெண்டுல வருது, அவதூறு வருது, போய் வாசிச்சுப் பாருங்க. போலீஸைக் கூப்பிடுங்க. ஆமாய்யா, அந்த இன்ஸ்பெக்டரைத்தான், கூப்பிடுங்க! ஏன்யா சிரிக்கிறீங்க? எவன்டா சிரிச்சது?

என்ன நீட்டுற வேலம்மா? எதுக்கு எனக்குச் சாக்பீஸ்? என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு.

‘கீழ இடம் விட்டிருக்கேன், பதிலை எழுதுங்க’ங்கிறாளா?

தாயி. ஏன் எழுதிக்கிட்டே இருக்கீங்க? இதை எழுதாதீங்க. கேஸ் விஷயம் எழுதினது போதும். போட்டோ எடுக்காதீங்க. பலகையைப் படம் எடுக்காதீங்கன்னு சொல்றேன்ல? யாரைக் கேட்டு எழுதுறீங்க? யார் அனுமதி குடுத்தா? மூடுங்க. அந்த நோட்டை மூடுங்க தாயி.